பதில் சொல்லாத கை

மார்புநோய்க் கிளினிக்கில் இப்போது வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் பேசினாள். "சேர், இனிமே காசநோய்க்குக் கையில ஊசி போட்டுப் பாக்கிற வேலை குறைஞ்சிடும் போல இருக்கு. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாப் போதுமாம். நீங்க பழைய ஆள். கை பார்த்த அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதித் தாங்களேன்" என்றாள். பழைய ஆள் என்று சொன்னதற்காகவே மறுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சோதனையை இவ்வளவு லேசாக மூட்டை கட்டுகிறார்களே என்று எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வாப்பாவுக்குப் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை. கடையில் நிற்கப் பிடிக்காமல்தான் சுகாதாரத் துறைக்குப் போனேன். கொழும்புப் பக்கம் பயிற்சி. விரிவுரை சிங்களத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், யோசனை தமிழில் என்று காலம் ஓடியது. முதலில் தோடம்பழத்தில் குத்திப் பழகினோம், பிறகு ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகினோம். அறுபதுகளின் நடுவில் என்னை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசி வேலை வாங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் என்னை ஊசி நானா என்பார்கள்; முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் என்னைக் கண்டதும் தேயிலைக்குள் ஓடி ஒளிவார்கள்.

எங்கள் பெரியவர் டொக்டர் விஜேரத்ன. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. பிழை செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்பதுதான் தண்டனை. மனம் இளகினாலும் அதையேதான் செய்வார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

கை பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முழங்கைக்குக் கீழே, உட்பக்கத் தோலின் அடுக்குக்குள் ஒரு துளி மருந்தை ஏற்றுவோம். காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த சத்து அது. கிருமி உயிரோடு இருக்காது. ஏற்றியதும் பருப்பு அளவில் ஒரு கொப்புளம் எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமிழ்ந்துவிடும். மூன்றாம் நாள் போய்ப் பார்க்க வேண்டும். எப்போதாவது அந்தக் கிருமியைச் சந்தித்த உடம்பாக இருந்தால், அந்த இடத்தில் தோல் தடித்துக் கெட்டியாகும். சந்திக்காத உடம்பு சும்மா இருக்கும். சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, கெட்டியை மட்டும்தான் அளக்க வேண்டும். அதனால் டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுவார். பிறகு போல்பொயின்ட் பேனையை வெளியிலிருந்து கெட்டியை நோக்கி மெல்லத் தள்ளுவார். பேனை முட்டி நிற்கும் இடத்தில் நிறுத்துவார். மறுபக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள வெளியைக் கண்ணாடிபோன்ற அடிமட்டத்தால் அளந்ததும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கோடுகளைத் துடைத்துவிடுவார். அடுத்துப் பார்ப்பவர் என் கோட்டைப் பார்த்து அளக்கக் கூடாது, கையைப் பார்த்து அளக்க வேண்டும் என்பார். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் துடைக்காமல் ஒரு கையைக்கூட விட்டதில்லை.

அந்தக் கெட்டி எதனால் வருகிறது என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. எண்பதுகளில் ஒரு மீள்பயிற்சியில் உட்கார்ந்தபோதுதான் ஒழுங்காகப் புரிந்தது. எங்கள் கடையை நினைத்துக்கொண்டால் எளிதாக இருந்தது. சட்டைத் துணிக்குப் பொருத்தம் தேடி வருகிறவர்கள் முழுத் துணியையும் தூக்கி வருவதில்லை. ஒரு வெட்டுத் துண்டைக் கையில் நீட்டுவார்கள். வாப்பாவிடம் வெகுகாலம் நின்ற சேல்ஸ்மேன், துண்டைப் பார்த்ததுமே எந்தத் துணி உருட்டு என்று சொல்லிவிடுவார். அதே துண்டு தரையில் கிடந்தால் அவருக்கு அது குப்பை. தெரிந்த கை நீட்டினால்தான் பேச்சு. தோலுக்கு அடியிலும் இதுதான் நடக்கிறது. அங்கே காவல் இருக்கும் சில கலங்கள், அதாவது உயிரணுக்கள், வந்த பொருளை விழுங்கி, நறுக்கி, ஒரு துண்டைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. 'டி' கலம் என்ற வெள்ளணு முழுக் கிருமியை அடையாளம் காணாது. நம் உடம்பின் சொந்தக் கலம் ஏந்திக் காட்டும் அந்தத் துண்டைத்தான் அடையாளம் காணும். முன்பே பார்த்த துண்டு என்றால் மற்றவர்களையும் கூப்பிடும். அவர்கள் எல்லாரும் வந்து கூட இரண்டு நாள் ஆகிறது. மூன்றாம் நாள் நம் விரலுக்குத் தட்டுப்படுவது அந்தக் கூட்டம்தான்.

அந்தக் கூட்டம் வர வேண்டிய இடத்தில் வராத ஒரு கையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. அரிசியும் மாவும் இல்லாமல் லயங்கள் வாடிப்போய், அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தன. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ராமு என்ற இளைஞன் காசநோயில் இரத்தம் துப்பிப் பதுளை வார்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் அண்ணன் குடும்பத்தோடு லயத்தில் ஒரே காம்பரா அறையில் இருந்தவன். அண்ணன் முத்தையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவி பூரணம் கொழுந்து எடுப்பவள். ஒரு மகன், அவனுக்கு இளையவள் லெச்சுமி. அவளுக்கு ஆறு வயதிருக்கும். சித்தப்பாவின் பாயில்தான் அவள் படுப்பாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அந்தக் குடும்பத்துக்கு இந்தியாப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. தலைமன்னார்க் கப்பலுக்குத் தேதியும் குறித்தாயிற்று. நோய் இருந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், இந்த முறை தவறினால் பட்டியலில் பெயரே போய்விடும் என்று லயத்தில் பேச்சு. அதனால் அந்த வீட்டார் நாங்கள் எல்லாருக்கும் போட்ட ஊசியின் பலனுக்கு, பரீட்சை முடிவுக்குப்போலக் காத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கை பார்த்தோம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. முத்தையாவின் கை தடித்திருந்தது. பூரணத்தின் கையும், பையனின் கையும் அப்படியே. அந்த மூவருக்கும் இருமலோ காய்ச்சலோ இல்லை. கிருமியைச் சந்தித்திருக்கிறார்கள், நோய் பிடிக்கவில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். லெச்சுமி வந்தாள். விலா எலும்பு எண்ணத் தெரிகிற பிள்ளை. டொக்டர் கண்ணை மூடித் தடவினார். திரும்பவும் தடவினார். பேனையைத் தள்ளினார். எங்கும் முட்டாமல் அது கையைக் கடந்து போனது.

பூரணம் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "எங்களுக்கெல்லாம் வீங்குனா வீங்கிட்டுப் போவட்டும் நானா. எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அது போதும்."

டொக்டருக்கு அது போதவில்லை. ஊசி சரியாக ஏறியதா என்று என்னைக் கேட்டார். கொப்புளம் எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் அவர் சந்தேகப்படவில்லை. அண்மையில் பிள்ளைக்கு ஏதும் நோய் வந்ததா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ஒரு நோய்நொடியும் இல்லீங்க. லேசா இருமுறா. பனிக்கு எல்லாப் புள்ளைகளும் இருமுதுங்க" என்றாள் பூரணம். முத்தையாவும் ஆமாங்க என்றார்.

பதுளைக்குக் கூட்டிவந்து நெஞ்சுப் படம் எடுத்தோம். அதில் இதுவென்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் படம் ஆரம்பத்தில் அப்படித்தான், ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லார் கையும் பேசுகிறது. நோயாளியின் பக்கத்தில் படுத்த பிள்ளையின் கை மட்டும் பேசவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். "நீ அந்த வீட்டுக்குப் போ நஸீர். அவர்களிடம் ஒன்றும் கேட்காதே. சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வா."

கேட்காமல் எதைப் பார்ப்பது என்று முணுமுணுத்துக்கொண்டுதான் மலையேறினேன். வாசலில் குனிந்து நுழையும்போது கூரைத் தகரத்தின் இடுக்கில் ஏதோ தலையில் உரசியது. சருகாகிப்போன வேப்பிலைக் கொத்து.

அந்தத் தோட்டத்தின் குளிருக்கு வேம்பு வராது. கீழே டவுனுக்குத்தான் வர வேண்டும். எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நின்றது. சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், தோட்டத்து ஆட்கள் பின்வாசலில் வந்து தயங்கி நிற்பார்கள். உம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கொப்பை ஒடித்துக் கொடுப்பார். யார் வீட்டுக்கு, என்ன விஷயம் என்று கேட்பது அவர்களுக்குப் பிடிக்காது என்று உம்மாவுக்குத் தெரியும். அம்மை கண்ட வீட்டுக்குத்தான் அந்தக் கொப்பு போகும். அம்மையை அவர்கள் நோய் என்று சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். டிஸ்பென்சரிக்குச் சொல்ல மாட்டார்கள், மருந்து கொடுக்க மாட்டார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று முறை ஊற்றி அவளை வழியனுப்பிவைப்பார்கள். தலையில் உரசிய சருகோடு அத்தனையும் எனக்கு ஞாபகம் வந்தது.

கேட்காதே என்ற கட்டளையை அன்று மீறினேன். "தங்கச்சி, ஆத்தா வந்துட்டுப் போனாங்களா?" என்றேன்.

பூரணம் தலைமுண்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தணித்தாள். "ஆமாங்க நானா. சின்னவ மேலதான் எறங்கியிருந்தாங்க. மணல் மணலா ஒடம்பு பூராவும். மூணு தண்ணியும் ஊத்தியாச்சு. நீங்க ஊசி போட வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்."

"அன்னைக்குக் கேட்டப்போ சொல்லலியே?"

"நீங்க நோயத்தானே கேட்டீங்க. ஆத்தாவப் போயி நோயின்னு சொல்லலாமுங்களா? கோவிச்சுக்க மாட்டாங்களா?"

அவள் மறைக்கவில்லை. மறைத்ததாக அவள் நினைக்கவே இல்லை. நான் கீழே இறங்கி டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடிக்கட்டும் என்று எதிரில் நின்றேன். "என் கிராமத்திலும் வாசலில் இதே இலையைத்தான் கட்டுவார்கள். என் தாய் கட்டியிருக்கிறாள். எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்" என்றார். மணல்வாரி அம்மை வந்துபோன உடம்பில், காசநோய்க் கிருமியை அறிந்த கலங்கள் வாரக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், ஊசி போட்டாலும் கை எழும்பாது என்பது அவர் படித்த காலத்திலேயே எழுதிவைத்த விஷயம். அந்த நேரம் பார்த்து உள்ளே இருக்கும் கிருமி பரவத் தொடங்கினால் மூளைவரை போகும். பட்டினியில் மெலிந்த பிள்ளைக்கு ஆபத்து இரட்டிப்பு. இரைப்பையிலிருந்து நீர் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் அந்த முடிவு வருவதற்குள் கப்பல் போய்விடும், பிள்ளையும் போய்விடலாம். மறுநாளே மருந்தைத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதைச் சொல்வதற்குத் தானே மலையேறி வந்தார்.

முத்தையா முதலில் குரலை உயர்த்தவில்லை. "அய்யா, வீங்குனாத்தான் கிருமின்னு நீங்கதான் சொன்னீங்க. எம்புள்ள கை சுத்தமா இருக்கு. இப்ப அவளுக்குத்தான் நோயிங்கிறீங்க. இதுல எத நாங்க நம்புறது?"

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் பதில் சொன்னார், அதையும் மொழிபெயர்த்தேன். கிருமி என்றேன், உடம்பின் காவல் என்றேன், அடங்கிக் கிடக்கிறது என்றேன். முத்தையாவின் முகம் மாறவில்லை. "கப்பல விட்டா எங்கள யாருங்க கூப்புடுவா? இங்கயும் இல்ல, அங்கயும் இல்லைன்னு ஆயிரும்" என்றார்.

பூரணம் அதுவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நானா, ஆத்தா வீட்டுல இருக்கறப்போ நாங்க யாருக்கும் கதவு தொறக்க மாட்டோம். வாசல்ல யாரு நின்னு கூப்பிட்டாலும் உள்ளருந்து பதில் சொல்ல மாட்டோம். வீட்டுல ஆளு இல்லாத மாதிரியே இருக்கும். எம்புள்ள ஒடம்பும் அப்படித்தான் இருக்குதுங்களா? நீங்க ஊசியால கூப்பிட்டீங்க, அது பதில் சொல்லல. அப்படிங்களா?"

அதைச் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் அரைகுறைத் தமிழில் நேராக அவளிடமே சொன்னார். "ஆமா அம்மா. அப்படித்தான். கதவு பூட்டி இருக்கு. கள்ளன் முந்தியே உள்ள போயிட்டான்."

பூரணம் புருஷனைப் பார்த்தாள். "நீங்க பெரியவனக் கூட்டிட்டுப் போங்க. நா இவளோட இருக்கேன்" என்றாள். முத்தையா அதற்கப்புறம்தான் குரலை உயர்த்தினார். என்னை ஏசினார், கப்பலை ஏசினார், வார்டில் கிடந்த தம்பியை ஏசினார். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டு மலையிறங்குகிறோமே என்ற நினைப்பு என்னை அன்று முழுக்க வதைத்தது. இப்போதும் அது சுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திரும்ப அந்த நாள் வந்தால் அதையேதான் செய்வேன்.

லெச்சுமிக்குத் தினமும் மருந்து ஊசி. முத்தையாவும் பையனும் புறப்படும் நாளில், வழியனுப்ப வரும் பிள்ளை தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்வந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது. அதனால் கொதிக்கவைத்த சிரிஞ்சுப் பெட்டியோடு நானே ஹாலிஎல ஸ்டேஷனுக்குப் போனேன். மேடையில் ஒரே அழுகைச் சத்தம். பயணிகள் அறையின் மூலையில் முத்தையா மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் குத்தினேன். அவள் அழுதாள். அங்கே யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. முத்தையா அவள் கையைத் திருப்பி, நாங்கள் முதலில் ஊசி போட்ட அந்த வெறும் இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"திரும்பவும் போட்டுப் பாப்பீங்களா நானா?"

"உடம்பு தேறினதும் போடுவோம். அப்ப வீங்கினா நல்லது."

"முன்ன வீங்கக் கூடாதுன்னு கும்புட்டோம். இப்ப வீங்கணும்னு கும்புடணுமா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வீங்குனா அதப் பாக்குறதுக்கு நா இருக்க மாட்டேனே" என்றார். பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு பெட்டியில் ஏறினார்.

லெச்சுமியும் தாயும் அடுத்த வருடம் ஒருவழியாகப் பயணம் கிடைத்துப் போனார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா, முத்தையாவைக் கண்டுபிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க வழியும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அதற்கு முந்திய ஒரு காலைப்பொழுது மட்டும்தான்.

மருந்து தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. இருமல் நின்றிருந்தது. பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. மருந்து தொடங்கும்போது எடுத்த இரைப்பை நீரில் கிருமி வளர்ந்த முடிவும் கைக்கு வந்திருந்தது. டொக்டர் திரும்பவும் அந்த ஒரு துளியைப் போடச் சொன்னார். மூன்றாம் நாள் பூரணம் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கும் போகாமல், முதல் பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு வந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் உட்காரவைத்தோம். டொக்டர் கண்ணை மூடித் தடவினார். தடவிய விரல் நின்றது. பேனையைத் தள்ளினார், அது முட்டி நின்றது. மறுபக்கத்திலிருந்து தள்ளினார், அங்கேயும் முட்டி நின்றது. இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவே நல்ல பெரிய கெட்டி.

டொக்டர் பூரணத்தின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். அவள் அழுத்திப் பார்த்தாள். "கதவு தொறந்துருச்சுங்களா?" என்றாள். டொக்டர் தலையசைத்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். லெச்சுமி அரிக்குது, அரிக்குது என்று முகத்தைச் சுளித்தாள்.

அளவை எனக்குச் சொல்லிவிட்டு, டொக்டர் வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார். பூரணம் பிள்ளையின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கோட்ட அழிச்சிராதீங்கய்யா. அவுங்க அப்பா பாக்கணும்."

நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை. பேனைக் கோடு இரண்டு குளிப்புக்கு மேல் தாங்காது என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். டொக்டர் பஞ்சைத் திரும்பத் தட்டில் வைத்தார்.